உடைகிற அழுக்கு, உடையாத அழுக்கு

போன மாதம் ஆம்பூர் பக்கத்திலிருந்து மாமா போன் செய்தார். அவர் வீட்டுக் கிணற்றுக்கும் பாலாற்றுக்கும் கூப்பிடு தூரம்தான். என் சின்ன வயதில் அந்தத் தண்ணீரில் பருப்பு மெத்தென்று வேகும், இப்போது துணிக்குச் சோப்பு போட்டால் நுரைகூட எழும்புவதில்லை. யாரோ ஒருவர் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல கேட்டலிஸ்ட் இருக்கு, தோல் ஷாப் தண்ணியைக்கூட குடிதண்ணியா மாத்திடும், ஒரு தடவை வாங்கினா போதும், அப்புறம் செலவே கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். (தோல் ஷாப் என்றால் எங்கள் பக்கம் தோல் பதனிடும் ஆலை.) சொன்னதோடு விடாமல், ஒரு டம்ளர் தண்ணீரில் நீலச் சாயத்தைக் கலக்கிப் பெட்டிக்குள் ஊற்றி, பத்து நிமிடத்தில் பளிங்கு மாதிரி வெளியே எடுத்துக் காட்டியும் இருக்கிறார். "ஏம்ப்பா, நீ கெமிஸ்ட்ரி படிச்சவன்தானே, இது நிஜமா டூப்பா?" என்றார் மாமா.

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் தண்ணீரில் உள்ள சில மோசமான ரசாயனங்களை வினையூக்கி வைத்து உடைப்பது நிஜமான, நூறு வருடத்துக்கும் மேல் வேர் உள்ள விஞ்ஞானம். ஆனால் மாமா கிணற்றில் இருப்பது அந்த "சில" ரசாயனங்கள்தானா என்பது வேறு கதை. போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வினையூக்கி. பள்ளியில் வினைவேக மாற்றி என்றும் படித்திருப்பீர்கள், தொழிலில் இருப்பவர்கள் கேட்டலிஸ்ட் என்றே சொல்வார்கள். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தால் இது சுலபமாகப் புரியும். மாட்டை விற்க ஒருவர், வாங்க ஒருவர், இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் விலை படியாமல் மத்தியானம் வரை நிற்பார்கள். நடுவில் தரகர் வருவார், துண்டுக்கு அடியில் இந்தப் பக்கம் நாலு விரல், அந்தப் பக்கம் மூணு விரல் பிடிப்பார், ஐந்து நிமிடத்தில் கயிறு கை மாறிவிடும். தரகர் மாட்டை வைத்துக்கொள்வதில்லை, அடுத்த ஜோடியிடம் போய்விடுவார். வினையூக்கியும் இப்படித்தான்: வினைக்குள் உண்மையிலேயே நுழைந்து, நேர் வழியில் ஏற முடியாத மேட்டுக்குப் பதிலாக ஒரு சுற்றுவழியைக் காட்டி, வினை முடிந்ததும் பழைய உருவத்தில் வெளியே வந்துவிடும். வேதியியலில் அந்த மேட்டுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். இந்த உவமையில் எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று: வாங்கக் காசே இல்லாதவனிடம் எந்தத் தரகராலும் மாட்டைத் தள்ள முடியாது. நடக்கவே முடியாத வினையை வினையூக்கியாலும் நடத்த முடியாது, மெதுவாக நடப்பதை வேகமாக்கத்தான் முடியும். இதை மறந்துவிடாதீர்கள், கீழே மாமா கிணற்றுக்கு வரும்போது தேவைப்படும்.

கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் புண் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடு விற்பார்கள், விலை மலிவு. ஒரு பச்சை உருளைக்கிழங்கை வெட்டி அதன் மேல் கொஞ்சம் விடுங்கள், புஸ்ஸென்று நுரைக்கும். புண்ணில் விட்டால் நுரைப்பதும் இதேதான். இரத்தத்திலும் உருளைக்கிழங்கிலும் கேட்டலேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. நுரை அடங்கியபின் திரும்ப விட்டால் திரும்ப நுரைக்கும், ஏனென்றால் நொதி தீரவில்லை, தீர்ந்தது பெராக்சைடுதான். கிழங்கை நன்றாக வேகவைத்துவிட்டு அதையே செய்து பாருங்கள், ஒன்றும் நடக்காது, நொதி செத்துவிட்டது. வினையூக்கி தீராது என்பதும், ஆனால் கெட்டுப்போகும் என்பதும் இந்த ஒரு கிழங்கிலேயே தெரிந்துவிடும்.

சரி, எதை உடைக்கப் போகிறோம்?

சாக்கடையில் கலக்கும் சாப்பாட்டுக் கழிவு, சாணம் இவற்றையெல்லாம் பாக்டீரியா தின்றுவிடும். அதற்கான நொதிகள் அதனிடம் உண்டு. மனிதன் ஆலையில் செய்த சில மூலக்கூறுகளைப் பார்த்தால் பாக்டீரியாவுக்கு எங்கே வாய் வைப்பது என்றே தெரியாது. தோல் பதனிடும் இடங்களில் பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு காலத்தில் போட்ட பென்டாகுளோரோபீனால் நல்ல உதாரணம்: ஒரு பென்சீன் வளையம், அதைச் சுற்றி ஐந்து குளோரின் அணுக்கள் காவல்காரர்கள் மாதிரி. சுலபத்தில் அழுகாது என்பதற்காகத்தான் தோலில் போட்டார்கள், அதே காரணத்தால் தண்ணீரிலும் மண்ணிலும் அழுகாமல் தங்கியது. 1989-ல் ஜெர்மனி அதைத் தடை செய்தபோது, அங்கே தோல் அனுப்பிக்கொண்டிருந்த நம் ஊர்க்காரர்களும் அவசர அவசரமாக வேறு மருந்துக்கு மாற வேண்டியிருந்தது. 2015-ல்தான் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலுக்கு வந்தது. 2001-ல் கையெழுத்தான அந்த உடன்படிக்கை, இப்படி நீண்ட காலம் சிதையாமல் உடம்புக் கொழுப்பில் சேரும் ரசாயனங்களை உலக அளவில் ஒழிப்பதற்கானது, முதலில் 12 பெயர்களோடு தொடங்கியது. இவற்றோடு சாயங்கள், பூச்சிக்கொல்லிகள், தோலுக்குப் பதம் கொடுக்கும் செயற்கைச் சேர்மங்கள் என்று வரிசை நீளும்.

பாலாற்றுக்கு இது புதிதில்லை என்று உங்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் இன்னமும் பாடமாக வைக்கிறார்கள், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் குரோம் முறையில் 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்றெல்லாம் அதில் வருகிறது. இந்த 170-ஐக் கவனியுங்கள். 170 என்றால் ஒரு அழுக்கு இல்லை, 170 அழுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம்.

வழக்கமான சுத்திகரிப்பு என்ன செய்கிறது? படிகாரம் போட்டால் அழுக்கு கட்டியாகிக் கீழே போகும். கரியில் விட்டால் கரியில் ஒட்டும். ஆர்.ஓ.வில் விட்டால் ஒரு பக்கம் நல்ல தண்ணீரும் இன்னொரு பக்கம் அழுக்கு கெட்டிப்பட்ட தண்ணீரும் வரும். இவை எதுவும் அழுக்கை ஒழிப்பதில்லை, திண்ணையைப் பெருக்கித் தெருவில் தள்ளுவது மாதிரி இடம் மாற்றுகின்றன. தெருவில் தள்ளியது என்ன ஆகும் என்பதை நாம் பார்த்தோம்: 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் ராத்திரியில் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்திருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பிழைக்க வந்த வெளிமாநிலத்து ஆட்கள் அவர்களில் பெரும்பாலோர்.

வினையூக்கி ஆட்கள் சொல்வது வேறு வழி. இடம் மாற்றாதே, மூலக்கூறையே உடை, கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் மட்டும் மிஞ்சட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. செய்யவும் முடியும், ஆனால் செலவும் நிபந்தனைகளும் கூடவே வரும்.

இதில் மூத்த முறை ஃபென்டன் வினை. கேம்பிரிட்ஜில் இருந்த ஹென்றி ஃபென்டன் என்பவர், நம் புளியில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலத்தோடு கொஞ்சம் இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்தால் அமிலம் சட்டென்று சிதைகிறது என்று 1894-ல் எழுதினார். ஏன் என்பதற்கு 1934-ல் ஹேபரும் வெய்ஸும் விடை கொடுத்தார்கள்: இரும்பு அந்தப் பெராக்சைடு மூலக்கூறை இரண்டாகப் பிளக்கிறது, பிளந்ததில் ஒரு பாதி ஹைட்ராக்சில் ராடிக்கல். ஜோடியில்லாத ஒரு எலக்ட்ரானோடு அலைகிற துண்டு அது. பார்த்ததையெல்லாம் கடிக்கும் வெறிநாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனேற்றும் வலிமையைக் குறிக்கும் அளவில் குளோரின் 1.36 வோல்ட், ஓசோன் 2.07, இது சுமார் 2.8. தண்ணீரில் இதைவிட வலிமையாகக் கிடைப்பது ஃபுளோரின் மாதிரி ஒன்றிரண்டுதான், அவற்றை யாரும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கொண்டுவர மாட்டார்கள். பென்டாகுளோரோபீனாலின் குளோரின் காவலை உடைத்து உள்ளே போய் வளையத்தையே திறந்துவிடும் தெம்பு இதற்கு உண்டு.

இங்கே ஒரு வேடிக்கை. உருளைக்கிழங்கில் நுரை கிளப்பிய கேட்டலேஸிலும் வேலை செய்வது இரும்புதான். அங்கே இரும்பு ஒரு புரதக் கூட்டுக்குள் இறுகக் கட்டுண்டு இருப்பதால் பெராக்சைடைச் சத்தமில்லாமல் தண்ணீராக்கிவிடுகிறது. அவிழ்ந்து திரியும் இரும்பு அதே பெராக்சைடிலிருந்து வெறிநாயைக் கிளப்புகிறது. நம் உடம்பு இந்த நொதியை வைத்துக்கொண்டிருப்பதே ஒரு வகையில் உள்ளே ஃபென்டன் வினை நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஒரே உலோகம் என்றாலும் யாரோடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறிவிடுகிறது. இன்று வினையூக்கி ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்தச் சேர்க்கையை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான்: இரும்பைக் களிமண்ணில் பதிக்கிறார்கள், கரியில் பதிக்கிறார்கள், ஒவ்வொரு அணுவாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், வெறும் இரும்பு உப்பே வேலை செய்கிறதே என்று கேட்கலாம். வெறும் இரும்பில் மூன்று தலைவலி. ஒன்று, அது அமிலத்தில்தான் வேலை செய்யும், பி.எச். 3 வாக்கில். தொட்டி முழுக்க அமிலம் ஊற்ற வேண்டும், வேலை முடிந்ததும் சுண்ணாம்பு போட்டுச் சரிசெய்ய வேண்டும், இரண்டும் சேர்ந்து தண்ணீரில் உப்பைக் கூட்டும், ஏற்கெனவே உப்பால் தவிக்கிற ஊரில். இரண்டு, பிளக்கும்போது இரும்பு ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போய்விடும், திரும்பி வருவது போனதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவாக நடக்கும், தரகர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார் என்று சொல்லலாம். வெயில் பட்டால், அல்லது கரண்டு விட்டால், கொஞ்சம் சீக்கிரம் எழுந்து வருவார். மூன்று, சுண்ணாம்பு போட்டதும் இரும்பெல்லாம் செம்மண் நிறத்தில் சேறாக அடியில் தங்கும். சேறு வேண்டாம் என்றுதானே இந்த வழிக்கே வந்தோம்! அதனால்தான் இரும்பு கரைந்து போகாமல் ஒரு திடப்பொருளில் ஒட்டிக்கொண்டே வேலை செய்ய வேண்டும் என்று மெனக்கெடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வினையூக்கி தீராவிட்டாலும் பெராக்சைடு தீரும், உருளைக்கிழங்கில் பார்த்தோமே. தினமும் அதை ஊற்றியாக வேண்டும், காசு அங்கேதான் போகும். "அப்புறம் செலவே கிடையாது" என்று பெட்டிக்காரர் சொன்னது அந்த இடத்திலேயே இடிக்கிறது.

அடுத்தது டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் பழகியதுதான், வெள்ளை பெயின்ட்டின் வெண்மை அது. கன்னியாகுமரி, கேரளக் கடற்கரைகளின் கறுப்பு மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து எடுக்கிறார்கள். 1972-ல் ஃபுஜிஷிமா, ஹோண்டா என்ற இரண்டு ஜப்பானியர்கள் இதன் மேல் வெளிச்சம் பட்டால் தண்ணீரே பிரிகிறது என்று காட்டினார்கள். வெளிச்சம் இதற்குள்ளிருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டிவிடும், எலக்ட்ரான் போன இடத்தில் ஒரு காலி இடம், அந்தக் காலி இடம் பக்கத்தில் உள்ள தண்ணீரிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும், பிடுங்கப்பட்டது நம் பழைய நண்பர் ஹைட்ராக்சில் ராடிக்கலாக நிற்கும். பெராக்சைடு வேண்டாம், அமிலம் வேண்டாம், வெயில் போதும்.

இதைச் சொன்னதும் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "வெயிலா? வேலூர்ல இல்லாத வெயிலா?" நானும் கல்லூரியில் முதல் தடவை படித்தபோது அப்படித்தான் துள்ளினேன். ஆனால் இதற்கு வேண்டியது வெயிலின் சூடு இல்லை, அதிலுள்ள புற ஊதாக் கதிர். சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைவான அலைநீளம் உள்ள கதிர்தான் அந்த எலக்ட்ரானைத் தட்ட முடியும், தரைக்கு வருகிற வெயிலில் அது நூற்றுக்கு நாலைந்து பங்குதான். மே மாதம் மண்டையைப் பிளப்பது மீதி தொண்ணூற்றைந்து. அதுவும் போக, தோல் ஷாப் தண்ணீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தால் கதிர் அரை அடிகூட உள்ளே இறங்காது. பவுடரைத் தண்ணீரில் கலக்கினால் திரும்ப வடிப்பது பெரும்பாடு, கண்ணாடியிலோ ஓட்டிலோ பூசினால் தண்ணீர் அதைத் தொடுகிற பரப்பு குறைந்துவிடும். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்திலும் வேலை செய்கிற மாதிரி அதில் நைட்ரஜனைக் கலப்பது, வேறு பொருளோடு இணைப்பது என்று வேலை நடக்கிறது. ஆய்வகத்தில் நன்றாக ஓடுகிறது, ஊர்த் தொட்டிக்கு வருவதில்தான் சிக்கல்.

கடித்துக் குதறாமல், எலக்ட்ரானைக் கொடுத்து உடைக்கிற எதிர்வழியும் ஒன்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழு 2003 வாக்கில், வெள்ளி, தங்க நுண்துகள்களின் மேல் கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரியான குளோரின் சேர்மங்கள் அறை வெப்பத்திலேயே உடைவதைக் கண்டது. அதிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் வீட்டு வடிகட்டிவரை 2007-ல் கடைக்கு வந்தது. வெளிநாட்டில் இதைவிட மலிவாக ஒன்று செய்தார்கள்: அமெரிக்காவின் எலிசபெத் சிட்டி என்ற ஊரில், நிலத்தடி நீர் ஓடுகிற வழியில் பள்ளம் தோண்டி, 46 மீட்டர் நீளத்துக்கு வெறும் இரும்புத் துகளைக் கொட்டிச் சுவராக்கினார்கள். தண்ணீர் அதன் வழியாக ஊறிப் போகும்போது குளோரின் சேர்மங்கள் உடைந்தன, ஆறாம் நிலைக் குரோமியம் மூன்றாம் நிலைக்கு இறங்கி அங்கேயே படிந்தது. வருடம் 1996, நம் தீர்ப்பு வந்த அதே வருடம். அங்கே இரும்பு உண்மையில் வினையூக்கி இல்லை, அதுவே மெல்ல மெல்லத் துருவாகித் தீர்கிறது. ஆனாலும் ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்து கிடந்ததை நினைத்தால் இந்தச் சுவர் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

குரோமியம் என்றதும்தான் விஷயத்தின் நடுவுக்கு வருகிறோம். மேலே ஒரு வார்த்தை சொன்னேன் கவனித்தீர்களா? குளோரின் சேர்மம் "உடைந்தது", குரோமியம் "இறங்கியது". குரோமியம் ஒரு தனிமம். அதை உடைக்க உலகத்தில் எந்த வினையூக்கியும் கிடையாது. காசில்லாதவனிடம் மாடு விற்கிற கதை. விஷம் அதிகமுள்ள, சுலபமாகக் கரைந்தோடும் ஆறாம் நிலையிலிருந்து அவ்வளவாகக் கரையாத மூன்றாம் நிலைக்கு மாற்றலாம், பிறகு சேறாக எடுத்துப் பத்திரமாக வைக்கலாம், அவ்வளவுதான். சாப்பாட்டு உப்பும் அப்படியே: பச்சைத் தோல் கெடாமலிருக்க அதில் தடவுகிற உப்பெல்லாம் முதல் கழுவலிலேயே தண்ணீரோடு வருகிறதே, அந்த சோடியத்தையும் குளோரைடையும் எதைக் கொண்டு எதாக உடைப்பது? பாலாற்றங்கரையில் கிணறு உவர்த்துப் போனதற்கும் பருப்பு வேகாததற்கும் காரணமானவை கரைந்த உப்புகள். அவை உடையாத அழுக்கு.

இதைவிட மோசமான ஒரு இடறல் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கெமிஸ்ட்ரி லேபில் குரோமியம் கண்டுபிடிக்கிற சோதனை ஒன்று உண்டு. பச்சைக் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிச் சூடாக்கினால் மஞ்சளாகும், மார்க் கிடைக்கும். அந்த மஞ்சள்தான் ஆறாம் நிலைக் குரோமியம். தோல் பதனிடப் போடுவது மூன்றாம் நிலை. காரத்தன்மை உள்ள கழிவுநீரில் குரோமியத்தை முதலில் பிரித்தெடுக்காமல், சாயத்தை உடைக்கிறேன் என்று பெராக்சைடோ ஓசோனோ விட்டால், சாயம் உடைகிற அதே நேரத்தில் சாதுவான குரோமியத்தை விஷமாக ஏற்றிவிடுகிற ஆபத்து உண்டு. ஆகவே வரிசை முக்கியம்: குரோமியத்தை முதலில் வெளியே எடு, பிறகு உடைக்கிற வேலையை ஆரம்பி.

உப்பு உடையாது என்பதோடு நிற்பதில்லை, உடைக்கிற வேலையைக் கெடுக்கவும் செய்யும். வெறிநாய்க்கு ஆள் தெரியாது என்றேனே. ஒரு சாய மூலக்கூறைச் சுற்றி ஆயிரக்கணக்கில் குளோரைடு நின்றால் அது குளோரைடைத்தான் முதலில் கடிக்கும். கடிபட்ட குளோரைடு குளோரின் ராடிக்கலாகி, கரிமப் பொருளோடு சேர்ந்து புதிதாகக் குளோரின் சேர்மங்களை உண்டாக்கலாம், அதாவது எதை ஒழிக்க வந்தோமோ அதன் சொந்தக்காரர்களை. நம் போர் தண்ணீரில் ஏராளமாக உள்ள பைகார்பனேட்டும் ராடிக்கலை விழுங்கும். மயிர் நீக்கச் சுண்ணாம்புக் குழியில் போடுகிற சோடியம் சல்பைடு பெராக்சைடைச் சும்மா தின்று தீர்க்கும், பல்லேடியம் மாதிரி உலோக வினையூக்கி இருந்தால் அதன் மேல் கந்தகம் ஒட்டி அதைச் சாகடித்துவிடும், உருளைக்கிழங்கை வேகவைத்த மாதிரி. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால் பாதிக்கு மேல் காய்ச்சி வடித்த தண்ணீரில் மெத்திலீன் புளூ சாயத்தைக் கரைத்து, இத்தனை நிமிடத்தில் இத்தனை சதவீதம் போயிற்று என்று முடித்திருப்பார்கள். வாணியம்பாடி வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோய் அதே தொட்டியில் ஊற்றிக் காட்டட்டும், அப்புறம் பேசுவோம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மாமாவுக்குக் காட்டிய நீலச் சாய வித்தைக்கும் இதே பதில்தான். நிறம் போனால் அழுக்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அசோ சாயங்களில் இரண்டு நைட்ரஜன் கைகோத்த ஒரு பாலம் இருக்கும், நிறத்துக்கு அதுதான் முக்கிய காரணம். பாலத்தை வெட்டினால் நிறம் மறைந்துவிடும், ஆனால் இரண்டு கரையும் அப்படியே நிற்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியா அதை வெட்டினாலோ, எலக்ட்ரான் கொடுத்து வெட்டினாலோ, அந்தக் கரைகள் அரோமேட்டிக் அமீன்களாக நிற்கும், சிலவற்றுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் குணம் உண்டு. அந்த அமீன்களுக்காகத்தான் 1994-ல் ஜெர்மனியும் 1997-ல் இந்தியாவும் சில அசோ சாயங்களைத் தடை செய்தன. முழுசாக உடைந்ததா என்று பார்க்க நிறம் போதாது, தண்ணீரில் மிச்சமுள்ள கரிமப் பொருளை எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கிற சி.ஓ.டி.யைப் பார்க்க வேண்டும், அல்லது மொத்தக் கரிமக் கார்பனை அளக்க வேண்டும். நிறத்தைப் போக்குவதற்கென்றால் வெறும் கரித்தூளே போதும், பிளீச்சிங் பவுடரும் போதும். அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். தோலில் தண்ணீர் ஒட்டாமலிருக்கப் பூசுகிற சில ஃபுளோரின் சேர்மங்கள் இருக்கின்றன. கார்பன் போடும் ஒற்றைப் பிணைப்புகளிலேயே வலுவானது ஃபுளோரினோடு போடுவது. ஹைட்ராக்சில் ராடிக்கல் வழக்கமாக ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித்தான் கடிக்கத் தொடங்கும், இவற்றின் சங்கிலியில் பிடுங்க ஒரு ஹைட்ரஜன்கூட இல்லை, எல்லா இடத்திலும் ஃபுளோரின். வெறிநாய்க்கே பல் பதியாத ஆசாமிகள். இவற்றுக்கு எலக்ட்ரான் கொடுப்பது, மின்முனையில் எரிப்பது என்று வேறு வழிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இந்த வினையூக்கிக்கு நம் பக்கம் வேலையே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வீட்டுப் பெட்டியில் இல்லை. ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், குரோமியத்தைப் பிரித்த பிறகு, பாக்டீரியா தின்ன முடிந்ததையெல்லாம் மலிவாகத் தின்று முடித்த பிறகு, அது தொட முடியாமல் விட்ட மிச்சத்தின் மேல் மட்டும் இதை ஏவ வேண்டும். மிச்சம் கொஞ்சம் என்பதால் பெராக்சைடு செலவு தாங்கும். பாதி உடைத்துவிட்டால்கூடப் போதும், உடைந்த துண்டுகளைத் திரும்பப் பாக்டீரியாவிடம் விடலாம், பெரிய எலும்பை நொறுக்கிப் போடுகிற மாதிரி. அதற்குப் பிறகு ஆர்.ஓ.வுக்குப் போனால் அதன் சவ்வு சீக்கிரம் அடைக்காது. ஆர்.ஓ. ஒதுக்கிய உப்புத் தண்ணீரைக் காய்ச்சினால் கிடைக்கிற உப்பு, கரிம அழுக்கு கலந்திருப்பதால் எதற்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே, அந்த அழுக்கை முன்னாலேயே உடைத்துவிட்டால் உப்பைத் திரும்பத் தோலுக்கே தடவலாமே என்பது என் சொந்த ஆசை.

மாமாவுக்கு இதில் கால்வாசிதான் சொன்னேன். பெட்டியை வாங்க வேண்டாம், முதலில் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள், கரைந்த உப்பு, கடினத்தன்மை, குரோமியம், சி.ஓ.டி. இந்த நாலையும் கேட்டு வாங்குங்கள் என்றேன். உப்புதான் பிரச்சினை என்றால் குடிக்கிற அளவுக்கு ஆர்.ஓ. போதும், வினையூக்கிக்கு அங்கே வேலையில்லை. குரோமியம் தென்பட்டால் எந்த நிலையில் இருக்கிறது என்றும் தனியாகப் பார்க்க வேண்டும், அதுவரை குடிக்க வேண்டாம். "சரிப்பா" என்று மறுநாளே போயிருக்கிறார். தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனது தேங்காய் எண்ணெய் இருந்த டப்பாவில். நன்றாகக் கழுவினேன் என்கிறார், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் ஒட்டியிருந்தாலே சி.ஓ.டி. எகிறிவிடும், வேறு சுத்தமான கேனை அதே கிணற்றுத் தண்ணீரில் ரெண்டு தடவை அலசிவிட்டுத் திரும்பப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.